ஏனுங்க, டாக்டர் இன்னைக்கு இருக்காருங்களா?

காலை ஏழு மணிக்கே விசாரணை மேசையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடுகிறது. கோவை அவிநாசி சாலையில் எந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் இதே கதைதான். “ஏனுங்க, எலும்பு டாக்டரு இன்னைக்கு இருக்காருங்களா?” “ஸ்கேனுக்கு வெறும் வயித்துல வரோணுங்களா?” “முதலமைச்சர் காப்பீட்டு கார்டு செல்லுமுங்களா?” “பல்லடத்துல இருந்து வர்றோமுங்க, பதினோரு மணிக்குள்ள வந்தா டோக்கன் கெடைக்குமுங்களா?” நடுவே பாலக்காட்டிலிருந்து ஒருவர் மலையாளத்தில் கேட்பார். திருப்பூர் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர், தன்னிடம் வேலை பார்க்கும் ஒடிசா பையனுக்காக விசாரிப்பார். மேசையில் இருக்கும் பெண் இந்த எட்டுப் பத்துக் கேள்விகளுக்கே மாலை வரை பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட மருத்துவமனைகள் பலவற்றின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்தால் வேறோர் உலகம். தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, உலக இதய தினம், உலகச் சிறுநீரக தினம், கைகட்டி நிற்கும் மருத்துவர்களின் வரிசை, புதிதாக வந்து இறங்கிய இயந்திரத்துக்கு மாலை. ஒரு பதிவின் அடியில் யாரோ ‘ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. உண்டா?’ என்று கேட்டிருப்பார். மாதக்கணக்கில் பதில் இருக்காது.

சமூக ஊடகத்தில் காலெடுத்து வைக்க நினைக்கும் மருத்துவமனைக்கு வேண்டிய சரக்கு முழுவதும் அந்த விசாரணை மேசையிலேயே கிடக்கிறது. அங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, ஒரு வாரம் வரும் கேள்விகளைக் கேட்டவர் பேச்சிலேயே எழுதி வைக்கச் சொன்னால், முதல் மூன்று மாதத்துக்கு என்ன பதிவிடுவது என்று எந்த விளம்பரக் கம்பெனியையும் கேட்க வேண்டியதில்லை.

கொங்கு நாட்டு மருத்துவமனைகளுக்கு ஊரைத் தேடிப் போய்ப் பேசுவது புதிய பழக்கம் அல்ல. 1952-இல் ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை, 1978-இல் கங்கா, 1990-இல் கே.எம்.சி.எச்., 1997-இல் அரவிந்த் கண் மருத்துவமனையின் கோவைக் கிளை என்று வரிசையாக வந்தவை இந்த ஊரை மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்தின் பக்கத்து மாவட்டங்களுக்கும் மருத்துவத் தலைநகராக்கின. அப்போது வாட்ஸ்அப் ஏது? அரவிந்தும் சங்கரா கண் மருத்துவமனையும் நடத்திய கண் சிகிச்சை முகாம்களைப் பார்த்தவர்களுக்கு அந்த முறை தெரியும். உள்ளூர் லயன்ஸ் சங்கமோ ரோட்டரியோ கோயில் கமிட்டியோ பொறுப்பேற்கும். மைக் கட்டிய ஆட்டோ ஊர் ஊராகப் போகும். டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் நோட்டீஸ் ஒட்டப்படும். அந்த நோட்டீஸில் என்ன இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்: எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தேதி, எத்தனை மணி, அறுவை சிகிச்சை என்றால் யார் பஸ்ஸில் கூட்டிப்போவார்கள், சாப்பாடு உண்டா, மாற்றுத்துணி கொண்டுவர வேண்டுமா. மருத்துவமனையின் பெருமை பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையை மறக்காமல் எடுத்துவரச் சொல்லும் அந்த நோட்டீஸ்தான், இன்றைய மருத்துவமனைப் பக்கங்கள் பலவற்றைவிடச் சிறந்த சமூக ஊடகப் பதிவு.

மருத்துவமனைகள் பேசாத இடத்தில் யார் பேசுவார்கள் என்பதற்கும் இந்தப் பகுதியிலேயே சான்று இருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் ஆசிரியை ரத்தப்போக்கால் இறந்துபோனார். குழந்தை பிழைத்தது. அடுத்த சில நாட்களிலேயே, வீட்டில் பிரசவம் பார்க்க இலவசப் பயிற்சி என்று இணையத்தில் விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைது செய்யப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 2017 பிப்ரவரியில், தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகமெங்கும் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான சுமார் 1.76 கோடிக் குழந்தைகளுக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. முகாம் தொடங்கும் முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவுகள் பறந்தன. பள்ளி வாசலில் பெற்றோர்கள் மறித்து நின்று குழந்தைகளை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அரசு மறுப்பு மேல் மறுப்பு வெளியிட்டு, முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பெற்றோர்களுக்கு அறிமுகமான, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப்போய்க் காட்டும் உள்ளூர்க் குழந்தை மருத்துவர் ஒருவர் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும். பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளுக்கு அப்படிப் பேச ஓர் இடம் கூட இருக்கவில்லை.

தனி மருத்துவர்கள் சிலர் அந்த இடத்தைப் பிறகு பிடித்தார்கள். ஈரோட்டுக் குழந்தை நல மருத்துவர் அருண்குமாரின் தமிழ்க் காணொளிகளை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். உணவு பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகளை ஆய்வு முடிவுகளோடு வைத்துப் பேசுவது அவர் வழி. வாளையாறு தாண்டினால் கேரளத்தில் ‘இன்ஃபோகிளினிக்’ என்ற பெயரில் மருத்துவர்கள் சேர்ந்து ஃபேஸ்புக்கில் மலையாளத்தில் எழுதி, தடுப்பூசி வதந்திகளுக்கும் நிபா பீதிக்கும் பதில் சொன்னார்கள். இவையெல்லாம் மருத்துவர்களின் சொந்த முயற்சி. மருத்துவமனை என்ற நிறுவனம் எப்படித் தொடங்குவது என்பது சற்று வேறு கேள்வி.

அதற்கு உலகம் திரும்பிப் பார்ப்பது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ கிளினிக்கை. 2005-இல் வானொலிக்காகத் தயாரித்த குறுஞ்செய்திகளை பாட்காஸ்ட்டாக இணையத்தில் ஏற்றியதுதான் அதன் தொடக்கம். புதிதாக எதையும் செய்யவில்லை, கையில் இருந்ததை எடுத்து வெளியே வைத்தார்கள். 2010-இல் சமூக ஊடகத்துக்கென்றே ஒரு மையம் திறந்து, மற்ற மருத்துவமனைகளுக்கும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஊழியர்களுக்கான விதியை அங்கே ஒரு மருத்துவர் ஆங்கிலத்தில் பன்னிரண்டே சொற்களில் அடக்கினார். பொய் சொல்லாதே, துருவாதே, ஏமாற்றாதே, போட்டதை அழிக்க முடியாது, திருடாதே, நோயாளியைக் காட்டிக்கொடுக்காதே. நாற்பது பக்கத்துக்குக் கொள்கை ஆவணம் எழுதி பீரோவில் பூட்டி வைப்பதைவிட, இதைத் தமிழில் அச்சடித்து நர்ஸ்கள் அறையில் ஒட்டுவது மேல்.

மேயோவின் பெயரில் இணையத்தில் பரவிய காணொளிகளில் மிகப் புகழ்பெற்றது எது தெரியுமா? அறுவை சிகிச்சையும் இல்லை, ரோபோவும் இல்லை. மருத்துவமனைக் கூடத்தில் இருந்த பியானோவில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வாசித்தார்கள். அங்கே வந்திருந்த வேறொருவர் அதைப் படம் பிடித்தார். அவ்வளவுதான்.

இன்னொரு பாடமும் அங்கிருந்து வருகிறது. இதய ரத்தக் குழாயின் சுவர் தானாகக் கிழியும் ஓர் அரிய நோய் இருக்கிறது. பெரும்பாலும் பெண்களுக்கு வருவது. அதற்கு ஆளான ஒரு பெண், இணையத்தில் இயங்கிய பெண் நோயாளிகள் குழுவில் தன்னைப் போன்றவர்களைக் கண்டுபிடித்து, மேயோவின் இதய மருத்துவர் ஷரோன் ஹேய்ஸிடம் போய் நின்றார். அந்தக் குழுவிலிருந்து வந்த 12 பேரை வைத்து முதல் ஆய்வு நடந்தது. மருத்துவமனை பேசியதால் அல்ல, நோயாளிகள் பேசியதை ஒரு மருத்துவர் காது கொடுத்துக் கேட்டதால் நடந்தது அது.

சரி, கொங்கு நாட்டு மருத்துவமனை எதைப் பற்றிப் பேசலாம்? இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். டெல்லியிலும் மும்பையிலும் தயாராகும் பொதுவான ‘நலக் குறிப்புகள்’ தமிழில் பெயர்க்கப்பட்டு இங்கே ஒட்டப்படுகின்றன. தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், மன அழுத்தத்தைக் குறையுங்கள். யாருக்குப் பயன்?

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடுகிறது. திருப்பூரில் கட்டிங் மெஷின். கோவையில் பவுண்டரி, லேத்து, பம்ப்செட் பட்டறை. விரல் துண்டாவது இந்த மண்ணின் அன்றாட விபத்து. துண்டான கையையும் விரலையும் மீண்டும் ஒட்டவைக்கும் நுண் அறுவை சிகிச்சையில் கங்கா மருத்துவமனையும் அங்குள்ள டாக்டர் எஸ். ராஜசபாபதியும் உலக அளவில் பெயர் பெற்றவர்கள். அப்படி ஒரு வசதி பக்கத்திலேயே இருந்தாலும், விரலை எப்படி எடுத்துவருவது என்பது பட்டறையில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. பதற்றத்தில் செய்வது இரண்டு தவறுகள். ஒன்று, விரலை நேராக ஐஸ் கட்டிக்குள் புதைப்பது. மற்றொன்று, தண்ணீர் பாட்டிலில் போட்டு எடுத்துவருவது. இரண்டிலும் திசு கெட்டுவிடும். சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீர் உள்ள இன்னொரு கவருக்குள்ளோ பாத்திரத்துக்குள்ளோ வைக்க வேண்டும். அடிபட்ட கையில் துணியை அழுத்திக் கட்டி, உயர்த்திப் பிடிக்க வேண்டும். மஞ்சள், காபித்தூள், இங்க் எதுவும் கூடாது. விரலானாலும் கையானாலும் நேரம் முக்கியம். தசை அதிகமுள்ள பகுதி என்றால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்குத்தான்.

இதை ஒரு நிமிடக் காணொளியாக, ஸ்டுடியோ வெளிச்சம் இல்லாமல், ஒரு பட்டறையிலேயே வைத்து எடுக்கலாம். விரலுக்குப் பதில் ஒரு வெண்டைக்காய் போதும். நர்ஸ் ஒருவர் செய்துகாட்ட, தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று, ஒடியாவில் ஒன்று. அதை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு லைக் எண்ணிக்கொண்டிருப்பதைவிட, தொழில் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் கம்பெனி சூப்பர்வைசர்களுக்கும் அனுப்புவது காரியம். பாம்புக்கடிக்கும் இதுவே பொருந்தும். தோட்டத்திலும் வாழைக்காட்டிலும் வேலை செய்பவர்கள் நிறைந்த பகுதி இது. கயிற்றால் இறுக்கிக் கட்டாதே, கீறி ரத்தம் எடுக்காதே, கடிபட்ட காலை அசைக்காமல் உடனே விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு வா என்பதை, அந்த மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனை தன் பெயரோடும் இரவு நேரத் தொலைபேசி எண்ணோடும் சொல்ல வேண்டும். பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழக அரசே 2024 நவம்பரில் அறிவித்துவிட்டது.

மொழி பற்றி ஒரு வார்த்தை. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அரசும் காவல்துறையும் இந்தியிலேயே விளக்கம் சொல்லித்தான் நிலைமையைச் சமாளித்தார்கள். திருப்பூரிலும் கோவையிலும் உள்ள மருத்துவமனைகள் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். ஓ.பி. நேரம், சீட்டு போடும் இடம், செலவு பற்றிய விவரத்தை இந்தியிலும் மலையாளத்திலும் சொல்வதற்கு யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் பதிவிடுவதுதான் இங்கே யாருக்கும் உதவாத வேலை.

இனிச் சட்டம். மருத்துவமனை முதலாளிகள் பலர் இதைக் கேட்பதே இல்லை. விளம்பரக் கம்பெனிகள் சொல்வதும் இல்லை.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, மருத்துவர் நோயாளிகளை இழுக்கும் வகையில் விளம்பரம் செய்யக் கூடாது. பத்திரிகை அறிவிப்பு தரலாம் என்று அந்த விதி அனுமதிப்பவை கைவிரல்களில் அடங்கும். புதிதாகத் தொழில் தொடங்குவது, முகவரி மாறுவது, தற்காலிகமாக இல்லாதது, கட்டண விவரம் போன்றவை. வழக்கத்துக்கு மாறான பெரிய பெயர்ப்பலகை வைப்பது கூடத் தவறு. அவிநாசி சாலையின் விளம்பரப் பலகைகளை நினைத்துக்கொண்டு இந்த விதியைப் படித்தால் சிரிப்பு வரும். காரணம், மருத்துவக் கவுன்சிலால் பதிவுபெற்ற மருத்துவர்மீதுதான் நடவடிக்கை எடுக்க முடியும், மருத்துவமனைக் கம்பெனிமீது முடியாது. அந்தச் சந்தில்தான் இத்தனை பலகைகளும் நிற்கின்றன. ஆனால் பலகையில் முகம் காட்டும் மருத்துவருக்குப் பதிவெண் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அந்தக் கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. லைக்கையும் ஃபாலோயரையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது, நோயாளிகளிடம் பாராட்டுரை கேட்டு வாங்கிப் போடக் கூடாது, அறுவை சிகிச்சைக் காட்சிகளைப் பகிரக் கூடாது என்றெல்லாம் அதில் தெளிவாக இருந்தது. எதிர்ப்புக் கிளம்பவே மூன்றே வாரத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. நிறுத்திவைக்கப்பட்டாலும் அந்தச் சமூக ஊடகப் பகுதி நல்ல வழிகாட்டி. அதை இன்றே பின்பற்றும் மருத்துவமனைக்கு நாளை தலைவலி இல்லை.

இவை போக, 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணச் சட்டம் இருக்கிறது. ‘சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு’ என்று ரீல்ஸ் போடுகிறவர்கள் அதைப் படித்ததில்லை.

2024 அக்டோபரில் சென்னையில் நடந்தது அனைவருக்கும் நினைவிருக்கும். பிரபல யூடியூபர் ஒருவர் மனைவியின் பிரசவத்தின்போது அறுவை அரங்குக்குள் கேமராவோடு போய், தொப்புள்கொடியைத் தானே வெட்டி, அதைக் காணொளியாக வெளியிட்டார். மருத்துவத் துறை விசாரித்தது. அந்தத் தனியார் மருத்துவமனைக்கு 50,000 ரூபாய் அபராதம், பத்து நாள் புதிய நோயாளிகளைச் சேர்க்கத் தடை. அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் அரசு மருத்துவமனை அறுவை அரங்கில் திருமணத்துக்கு முந்தைய ‘ஷூட்’ நடத்திய ஒப்பந்த மருத்துவருக்கு வேலை போனது. கதக் அரசு மருத்துவக் கல்லூரியில் ரீல்ஸ் எடுத்த 38 மாணவர்கள் இடைநீக்கம். இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எங்கே கேமராவை எடுக்கலாம், எங்கே கூடாது என்று யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து சொல்லவில்லை, அதுதான் விஷயம்.

நோயாளியின் ஒப்புதல் என்பது இங்கே மிகவும் ஏமாற்றும் பகுதி. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும் காகிதக் கட்டுக்குள் ‘படம் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று ஒரு தாளைச் செருகிவிடுவார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரும் கையில் பணப்பையோடு நிற்கும் அவர் மகனும் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள். அது ஒப்புதல் அல்ல. வீட்டுக்குப் போய், உடம்பு தேறி, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கேட்க வேண்டும். எந்தத் தளத்தில் வரும், முகம் தெரியுமா, பெயர் வருமா, ஊர் வருமா என்று தமிழில் படித்துக்காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவோம் என்று எழுதித்தர வேண்டும். ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

படம் எடுப்பவருக்குக் கண்ணும் வேண்டும். நர்ஸ்களுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டும் படத்தின் பின்னால் வெள்ளைப் பலகையில் வார்டு நோயாளிகளின் பெயரும் நோயும் வரிசையாக எழுதியிருக்கும். புதிய மானிட்டரைப் பெருமையாகக் காட்டும் படத்தில் திரையின் மூலையில் ஒருவரின் பெயர், வயது, பதிவெண். எக்ஸ்ரே படத்தின் ஓரத்திலும் அப்படியே. பதிவேற்றும் முன் இன்னொருவர் படத்தைப் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லும் வழக்கம் வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கோபிசெட்டிப்பாளையத்திலோ தாராபுரத்திலோ உடுமலையிலோ கணவன்-மனைவி இருவரும் மருத்துவர்களாக நடத்தும் சிறிய நர்சிங் ஹோமுக்கு இதெல்லாம் பெரிய ஊர் விவகாரமாகத் தோன்றலாம். அவர்களுக்கு பி.ஆர்.ஓ. கிடையாது, கேமராமேன் கிடையாது. அவர்கள் தொடங்க வேண்டிய இடம் ஃபேஸ்புக் கூட இல்லை, கூகுள் மேப். இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலியோடு வருபவரை மேப் பின்பக்கத் தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறதா? பழைய தொலைபேசி எண் இருக்கிறதா? ‘24 மணி நேரம்’ என்று யாரோ போட்டுவைத்திருக்கிறார்களா? இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. அடுத்து, மருத்துவமனைக்கென்று தனி சிம் போட்டு ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு. மருத்துவரின் சொந்த எண் அதில் வரக் கூடாது, வந்தால் அவர் தூக்கம் போய்விடும். அதிலேயே தானாகப் போகும் பதிலாக ஓ.பி. நேரத்தையும், ‘அவசரம் என்றால் செய்தி அனுப்பாதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்’ என்பதையும் வைத்துவிடலாம். வாட்ஸ்அப் வழியாக மருத்துவ ஆலோசனை தரவே கூடாது என்பதில்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் அதை அனுமதிக்கிறது. ஆனால் நோயாளி யார் என்று உறுதிசெய்ய வேண்டும், மருத்துவரின் பதிவெண் தெரிய வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும். பதிவுக்கு அடியில் வரும் ‘டாக்டர், எனக்கு ரெண்டு நாளா நெஞ்சு எரிச்சல்’ என்ற கருத்துக்கு அங்கேயே மாத்திரை பெயர் எழுதுவது இந்த வகையில் சேராது.

பிறகு அந்த விளம்பரக் கம்பெனி. மாதத்துக்கு இத்தனை போஸ்டர், இத்தனை ரீல்ஸ் என்று பேக்கேஜ் சொல்வார்கள். அதில் தவறில்லை, அவர்களுக்கும் பிழைப்பு உண்டு. மருத்துவமனை கேட்க வேண்டியது ஒன்றுதான்: பக்கத்தின் நிர்வாகக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? கம்பெனிப் பையனின் சொந்த மின்னஞ்சலில் பக்கத்தைத் தொடங்கிவிட்டு, அவன் வேறு வேலைக்குப் போனதும் கடவுச்சொல் தேடி அலையும் மருத்துவமனைகள் கொஞ்சநஞ்சமல்ல.

நெருக்கடி வரும்போது ஒரு பக்கம் இருப்பதன் மதிப்புத் தெரியும். 2021 மே இறுதியில் தினசரி கொரோனா தொற்றில் கோவை சென்னையையே முந்தியது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை நிரம்பி வழிந்தது. எங்கே படுக்கை காலி, எங்கே ஆக்சிஜன் உண்டு என்பதே ஊரின் ஒரே கேள்வி. மாநில அரசு 104 சுகாதார உதவி எண்ணின் பெயரிலேயே ட்விட்டர் கணக்கு தொடங்கி, படுக்கை கேட்டு வந்த செய்திகளுக்கு வார் ரூமிலிருந்து பதில் சொன்னது. அதே வாரங்களில் வாட்ஸ்அப்பில் ‘இந்த மருத்துவமனையில் படுக்கை காலி’ என்று சுற்றிய பட்டியல்கள் பல மணி நேரம் பழையவை. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பக்கத்தில் காலையும் மாலையும் காலிப் படுக்கைகளின் எண்ணிக்கையைப் போட்டிருந்தால் எத்தனையோ ஆம்புலன்ஸ்கள் வீணாக அலைந்திருக்காது.

விமர்சனத்துக்கு வருவோம். மருத்துவமனைகள் சமூக ஊடகத்துக்கு அஞ்சுவதே இதனால்தான். ‘மூணு மணி நேரம் உக்கார வெச்சுட்டாங்க, பில்லு மட்டும் நாப்பதாயிரம்’ என்று கூகுளில் ஒரு நட்சத்திரம் விழும். முதல் வேகத்தில் ‘நீங்கள் வந்ததே கடைசி நேரத்தில், உங்கள் சர்க்கரை அளவு இவ்வளவு’ என்று பதில் எழுதக் கை துடிக்கும். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு பல் மருத்துவ நிறுவனம் அப்படித்தான் எழுதியது. நோயாளியின் பெயரையும் சிகிச்சை விவரத்தையும் பதிலில் போட்டதற்காக 2019-இல் 10,000 டாலர் கட்டியது. எழுதியவர் தன்னிடம் சிகிச்சை பெற்றவர் என்பதைக்கூட மருத்துவமனை உறுதிசெய்யக் கூடாது என்பதுதான் முறை. “காத்திருக்க வேண்டி வந்ததுக்கு வருந்துகிறோமுங்க. பொது இடத்தில் யாருடைய சிகிச்சை பற்றியும் பேச எங்களால் முடியாது. நோயாளி குறைதீர்ப்பு அலுவலரை இந்த எண்ணில் கூப்பிடுங்க, காலை 10 முதல் 5 வரை இருப்பார்.” அந்த எண்ணை உண்மையிலேயே ஒருவர் எடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மூன்று மணி நேரக் காத்திருப்புப் பற்றி ஐந்து பேர் எழுதியிருந்தால், அது பதில் எழுதித் தீரும் சமாச்சாரம் அல்ல, டோக்கன் முறையைத் திருத்த வேண்டிய சமாச்சாரம்.

கடைசியாக இப்போது கிளம்பியிருக்கும் புதிய தொல்லை. செயற்கை நுண்ணறிவில் மருத்துவர்களின் முகமும் குரலும் திருடப்படுகின்றன. பெங்களூரு இதய அறுவை சிகிச்சை நிபுணர் தேவி ஷெட்டியின் பெயரையும் உருவத்தையும் போலியாகப் பயன்படுத்தியவர்களுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் 2024-இல் தடை விதித்தது. மூட்டுவலி எண்ணெய் விற்கும் போலிக் காணொளியில் நாளை கோவை மருத்துவர் ஒருவர் பேசலாம். அந்த மருத்துவமனைக்கு இணையத்தில் நிலையான பக்கம் எதுவும் இல்லையென்றால், நோயாளி எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்? யூடியூப், பதிவுபெற்ற மருத்துவமனைகளின் காணொளிகளுக்கு அடியில் மூலத்தைக் காட்டும் குறிப்பை இந்தியாவிலும் தருகிறது. விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். அதோடு தன் அதிகாரபூர்வப் பக்கங்களின் பெயர்களையும் கியூ.ஆர். குறியீட்டையும் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்துவிட்டால், மேட்டுப்பாளையத்துப் பாட்டியிடம் இருக்கும் சீட்டை வைத்தே சென்னையில் இருக்கும் பேரன் சரிபார்த்துச் சொல்லிவிடுவான். அந்தப் பின்பக்கத்தில் பெரும்பாலும் இப்போது ஏதோ மருந்துக் கடை விளம்பரம்தான் இருக்கிறது.